அழுத பிறகு மறுபடி பார்

அன்புள்ள யாழினிக்கு,

உன் குரல் பதிவைக் கேட்டேன். விடுதி அறையில் எல்லாரும் சேர்ந்து 'தி கிரீன் மைல்' பார்த்திருக்கிறீர்கள். நீ தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாய். ஒருத்தி, "அழவைக்கணும்னே திட்டம் போட்டு எடுத்த படம்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். இன்னொருத்தி, "கறுப்பின மனுஷனைச் சாமியாக்கிச் சாகடிக்கிறாங்க, இதுக்கா அழுறே?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். துறை இதழுக்கு இதைப் பற்றி எழுத வேண்டும், யார் பக்கம் நிற்பது என்று அத்தையைக் கேட்கிறாய்.

மூன்று பேரும் படத்தில் உண்மையாகவே இருக்கிற ஒன்றைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறீர்கள். அதற்காக 'அவரவர் பார்வை அவரவருக்கு' என்று எழுதி முடித்துவிடாதே, அது சோம்பேறித்தனம். அழுகை எந்த இடத்தில் வந்தது, யாருக்காக வந்தது, அதை வரவழைக்கப் படம் என்னென்ன வேலை செய்தது என்று தேடு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த இரண்டு பேரோடும் பேச உனக்கு விஷயம் இருக்கும்.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீபன் கிங் இந்தக் கதையை 1996 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, மாதம் ஒரு சிறு புத்தகமாக ஆறு பாகங்களில் வெளியிட்டார். அதற்கு முன் அவருடைய இன்னொரு சிறைக் கதையை 'தி ஷாஷாங்க் ரிடெம்ஷன்' என்று எடுத்த ஃபிராங்க் டாராபாண்ட்தான் 1999இல் இதையும் படமாக்கினார். ஆஸ்கருக்கு நான்கு பரிந்துரைகள். ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. படத்தில் கதை நடப்பது 1935இல், லூசியானா மாநிலச் சிறை ஒன்றின் மரண தண்டனைக் கூடத்தில்.

படம் 189 நிமிடம், இழுவை என்று போர்வைக்காரி குறைப்பட்டாளாம். அந்த நீளத்தில்தான் வேலையே நடக்கிறது. படத்துக்குள் மூன்று பேரை மின் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். முதல் ஆளுக்கு முன்னால் ஒத்திகை நடக்கிறது. சிறையில் எடுபிடி வேலை செய்யும் கிழவர் ஒருவர் கைதியாக நடித்து நாற்காலியில் உட்கார்ந்து கண்டபடி உளறுகிறார். காவலர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, நமக்கும்தான். சிரித்துக்கொண்டே நாம் முறையைக் கற்றுக்கொள்கிறோம்: எந்த வார் முதலில், எப்போது கடைசி வார்த்தை கேட்பது, கடற்பஞ்சை உப்புநீரில் நனைத்துத் தலையில் எதற்காக வைப்பது. அடுத்து பிட்டர்பக் என்ற பூர்வகுடிக் கைதியின் முறை. எல்லாம் விதிப்படி நடக்கிறது. மூன்றாவது ஆளில் அல்ல, இரண்டாவது ஆளிலேயே படம் நம்மை உலுக்குகிறது. பெர்சி என்ற காவலன் வேண்டுமென்றே பஞ்சை நனைக்காமல் வைக்கிறான். டெலக்ரா என்ற கைதி எரிந்து சாகிறார். சாட்சிகளாக உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார்கள். உங்கள் அறையிலும் இந்த இடத்தில் யாரோ கண்ணை மூடியிருப்பீர்கள்.

இது மிகைப்படுத்தல் என்று யாராவது சொன்னால் 1990இல் ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொல். ஜெஸ்ஸி டஃபேரோ என்பவருக்குத் தண்டனை நிறைவேற்றியபோது இயற்கைக் கடற்பஞ்சுக்குப் பதில் செயற்கைப் பஞ்சை வைத்துவிட்டார்கள். தலையிலிருந்து தீ எழுந்தது. கிங் கதையை வெளியிடுவதற்கு ஆறு ஆண்டு முன்பு.

இனி மூன்றாவது நாற்காலிக்கு வா. ஜான் காஃபி என்ற கறுப்பினக் கைதியை உட்கார வைக்கிறார்கள். செய்யாத கொலைக்காகச் சாகப் போகிறவர் என்று நமக்குத் தெரியும், காவலர்களுக்கும் தெரியும். பஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். நீர் அவர் முகத்தில் வழிகிறது. அந்த நொடியில் உன் மனத்தில் என்ன ஓடியது? 'அப்பாடா, பஞ்சு நனைந்திருக்கிறது.' உனக்கு அப்படித் தோன்றவில்லை என்றால் நான் பந்தயத்தில் தோற்கிறேன். ஒரு நிரபராதியைக் கொல்கிறார்கள். அதை ஒழுங்காகச் செய்கிறார்களே என்று நாம் ஆறுதல் அடைகிறோம். இரண்டரை மணி நேரம் பொறுமையாக நம்மை நகர்த்தி வந்து படம் நிறுத்தும் இடம் இதுதான். எந்த விமர்சனத்திலும் இதுவே முதல் பத்தியாக வர வேண்டியது என்பேன்.

ஏன் அப்படித் தோன்றுகிறது? நாம் காஃபியின் கண்ணால் இந்தக் கதையைப் பார்க்கவே இல்லை. சொல்பவர் காவலர் தலைவர் பால் எட்ஜ்கோம். அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் நமக்கு வலிக்கிறது. அவர் மனைவியை நமக்குத் தெரியும். அவர் இரவில் தூங்காததும் தெரியும். காஃபி இரவில் எதை நினைத்து விழித்திருப்பார்? தெரியாது. அவருக்குத் தாய் உண்டா, ஊர் எது? வானத்திலிருந்து விழுந்தவர் போலத்தான் படம் வைத்திருக்கிறது. ஆக, நீ அழுதது காஃபியோடு சேர்ந்து அல்ல. அவரைக் கொல்ல வேண்டியிருக்கிறதே என்று கலங்கும் நல்ல காவலர்களோடு சேர்ந்து. திரையில் அவர்கள் கண் கலங்கி நிற்பதை மறுபடி பார். நமக்கு அழ அனுமதி கொடுப்பவர்கள் அவர்கள்தான். பெர்சி மாதிரி ஒரு கொடியவனைப் பக்கத்தில் நிறுத்தினால் மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத் தெரிவதும் பழைய தந்திரம்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் இருக்கிறது, உங்கள் பாடத்திட்டத்தில் வைத்திருக்க மாட்டார்கள். அழுகை எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்று நான்கு காரணம் சொல்கிறது: பிறர் இழிவாக நடத்துவது, உரியதை இழப்பது, நிலை தளர்வது, இல்லாமை. காஃபியிடம் நான்கும் இருக்கின்றன. உரையெழுதிய பேராசிரியர் இன்னும் ஒரு படி போய், தன் துன்பத்துக்கு அழுவது ஒன்று, பிறர் துன்பம் கண்டு அழுவது மற்றொன்று எனப் பிரித்துக் காட்டுகிறார். திரையரங்கு முழுக்க நடப்பது இந்த இரண்டாவது வகை. ஆனால் 'பிறர்' யார் என்பதைத் தேர்ந்தெடுப்பவர் இயக்குநர். டாராபாண்ட் நமக்காகத் தேர்ந்தெடுத்தவர் பால்.

பார்வையாளர் எதற்கு அழுகிறார் என்ற கேள்வியைப் படமே தன் தொடக்கத்தில் எழுப்புகிறது, கவனித்தாயா? முதியோர் இல்லத்தில் கிழவராகிவிட்ட பால், மற்றவர்களோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். 1935இல் வந்த 'டாப் ஹாட்' என்ற ஆட்டம் பாட்டம் நிறைந்த படம் ஓடுகிறது. ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடுகிறார்கள். எல்லாரும் ரசிக்கிறார்கள், இவர் மட்டும் உடைந்து அழுகிறார். காரணம் கடைசியில்தான் வருகிறது. சாவதற்கு முன் காஃபி கேட்ட ஓர் ஆசை, வாழ்நாளில் பார்த்திராத திரைப்படம் ஒன்றைப் பார்ப்பது. அவருக்காகச் சிறையில் திரையிட்ட படம் இதுதான். புரொஜக்டரின் ஒளி அவர் தலைக்குப் பின்னால் வட்டமிட, குழந்தை போல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நாவலில் கதை நடப்பது 1932. இந்தப் படத்துக்காகத்தான் டாராபாண்ட் ஆண்டையே மாற்றினார். ஒரே நடனத்தைப் பார்த்து அறை முழுக்கச் சிரிக்க, ஒருவர் மட்டும் அழுகிறார். உங்கள் விடுதி அறையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதே. அழாதவளைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதிவிடாதே.

அற்புதங்கள் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பலர் 'பேய்க்கதை மாதிரி ஆக்கிக் கெடுத்துவிட்டார்கள்' என்பார்கள். காஃபி தொட்டால் நோய் தீர்கிறது. உறிஞ்சிய நோயைப் பூச்சிக்கூட்டமாக வாயிலிருந்து வெளியே விடுகிறார். பாலின் தொற்று போகிறது. டெலக்ரா வளர்த்து, பெர்சி மிதித்து நசுக்கிய சுண்டெலி பிழைக்கிறது. சிறை மேலதிகாரியின் மனைவிக்கு மூளையில் இருந்த கட்டி கரைகிறது. உண்மைக் கொலையாளி பக்கத்து அறையிலேயே இருக்கிறான் என்பதும் காஃபி பாலின் கையைப் பிடித்தபோதுதான் தெரிகிறது. அதாவது நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலையை மந்திரம் செய்கிறது. கொலைகாரனுக்கும் பெர்சிக்கும் தண்டனைகூட மந்திரத்தால்தான். இவ்வளவும் முடிகிறது, ஒரு தீர்ப்புத் தாளை மட்டும் மாற்ற முடியவில்லை. படத்தில் எனக்குப் பிடித்த கசப்பு இது. அற்புதத்தை நீக்கிவிட்டால் கதை சாதாரண 'தவறான தீர்ப்பு'க் கதையாகிவிடும். அது இருப்பதால், உண்மை கையில் கிடைத்தும் அந்தச் சட்ட ஏற்பாட்டுக்குள் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பது உறைக்கிறது.

ஆனால் அந்த அற்புதத்துக்குள்தான் சண்டைக்காரி சொன்னதும் இருக்கிறது. அவள் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2001இல் இயக்குநர் ஸ்பைக் லீ பல்கலைக்கழக மேடைகளில் இந்தப் படத்தையும் 'தி லெஜண்ட் ஆஃப் பேகர் வான்ஸ்' படத்தையும் பெயர் சொல்லிச் சாடினார். வெள்ளையர் நன்மைக்காக மட்டுமே மந்திரசக்தியோடு வந்து போகும் கறுப்பின மனிதர் என்ற வார்ப்பு ஹாலிவுட்டில் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவர் வாதம். காஃபி யாரையெல்லாம் குணப்படுத்தினார் என்று மேலே நான் எழுதியதை மறுபடி படித்துப் பார். எலியைத் தவிர மற்றவர்கள் வெள்ளையர்கள். எலியை வளர்த்தவரும் வெள்ளையர். தெற்கத்திய மாநிலம், 1935ஆம் ஆண்டு, ஆனால் அந்தக் கூடத்தின் நல்ல காவலர்கள் வாயில் நிறவெறிச் சொல் வருவதில்லை.

கிங் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில், அந்தக் காலத்தில், இறந்து கிடக்கும் இரண்டு வெள்ளைச் சிறுமிகளை மடியில் வைத்து அழும் கறுப்பினத்தவருக்குத் தப்ப வழியே இருந்திருக்காது. அதற்காகத்தான் காஃபியைக் கறுப்பினத்தவராக எழுதியதாக அவர் விளக்கியிருக்கிறார். இந்த வாதத்தை லேசில் தள்ள முடியாது. 1944இல் தென் கரோலினாவில் ஜார்ஜ் ஸ்டின்னி என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை, இரண்டு வெள்ளைச் சிறுமிகளைக் கொன்றதாகச் சொல்லி மின் நாற்காலியில் கொன்றார்கள். முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரி முடிவெடுக்கச் சுமார் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்தது 2014இல், 70 ஆண்டு கழித்து. ஆனால் ஸ்டின்னிக்கு அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தீர்ப்பு ரத்தானதற்கு உடன்பிறந்தவர்கள் போராடியதும் காரணம். அந்தக் குடும்பத்தைத்தான் படம் காஃபிக்குக் கொடுக்கவில்லை. என் கணக்கில் உன் தோழிக்கு இங்கே பாதிக்கு மேல் மதிப்பெண்.

காஃபியாக நடித்த மைக்கேல் கிளார்க் டங்கனை மட்டும் இந்த வாதத்துக்குள் இழுத்துப் போட்டுக் குறைத்துவிடாதீர்கள். சிகாகோவில் எரிவாயு நிறுவனத்துக்குக் குழி தோண்டி, பிரபலங்களுக்கு மெய்க்காவலராக நின்று, பிறகு நடிக்க வந்தவர். 'ஆர்மகெடான்' படத்தில் கூட நடித்த புரூஸ் வில்லிஸ்தான் இந்த வேடத்துக்கு அவரைப் பரிந்துரைத்தார். டங்கன் ஆறடி ஐந்தங்குலம். கூட நடித்த சிலரும் ஏறக்குறைய அதே உயரம் என்பதால், அவரை மலையாகக் காட்டக் கேமராக் கோணத்தையும் கட்டிலின் அளவையும் மாற்றி வைத்து எடுத்தார்கள். அந்த உடம்புக்குள்ளிருந்து இருட்டுக்குப் பயந்த ஒரு குரலை எடுத்தார் பார், அது அவருடைய சொந்த உழைப்பு.

கடைசியாக, உன் குரல் பதிவின் முடிவில் நீயே கோபமாகக் கேட்டது: "நிரபராதின்னு தெரிஞ்சும் ஏன் அத்தை தப்பிக்க விடலை?" படம் பார்த்தவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். மேலதிகாரியின் மனைவியைக் குணப்படுத்த ஓர் இரவு காஃபியை ரகசியமாகச் சிறைக்கு வெளியே கொண்டு போகிறார்கள். அவர் புல்லை முகர்கிறார், நட்சத்திரக் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். அவர் கொலைகாரர் இல்லை என்று பால் அதற்குள் நம்பத் தொடங்கிவிட்டார். இருந்தும் காரியம் முடிந்ததும் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டு வந்து கூண்டில் அடைக்கிறார்கள். அப்போது உங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி எழவில்லை, இல்லையா? பிறகு பால், கதவைத் திறந்து விடட்டுமா என்ற மாதிரி கேட்கும்போது காஃபியே மறுத்துவிடுகிறார்: உலகத்தில் ஒருவருக்கொருவர் செய்யும் கொடுமையைத் தாங்கித் தாங்கிக் களைத்துவிட்டேன், போகிறேன் என்கிறார். மனத்தை உருக்கும் பேச்சுதான். கூடவே பாலின் கையிலிருந்த பாரத்தையும் நம் கையிலிருந்ததையும் அது இறக்கி வைத்துவிடுகிறது. கொல்லப்படுகிறவரே சம்மதித்துவிட்டார், இனி நாம் அழுதால் போதும். கதாசிரியர் இதை அறியாமல் செய்ததாக நான் நினைக்கவில்லை. 108 வயதிலும் சாக முடியாமல், நேசித்தவர் ஒவ்வொருவரையும் புதைத்துவிட்டு, இதுதான் எனக்குத் தண்டனை என்று பால் சொல்கிறாரே, அது அந்தச் சம்மதத்தை அவர் மனம் ஏற்கவில்லை என்பதற்குச் சாட்சி. கடைசி இருபது நிமிடம் தேவையில்லை என்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

எழுத உட்காருவதற்கு முன் வில்லி ஃபிரான்சிஸ் வழக்கைப் படித்துவிடு. 1935இல் லூசியானாவில் தூக்குத்தான். மின் நாற்காலி 1941இல்தான் புழக்கத்துக்கு வந்தது. கதைக்காக முன்தேதி போட்டிருக்கிறார்கள். அந்த நாற்காலியில் 1946 மே மாதம் 17 வயது வில்லியை உட்கார வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள், அவன் சாகவில்லை. மறுபடி உட்கார வைப்பது சரியா என்று வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வைக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. 1947 மே மாதம் மறுபடி வைத்தார்கள். இதைப் படித்த பிறகு டெலக்ரா காட்சியை நீ வேறு மாதிரிப் பார்ப்பாய்.

உன் கட்டுரை ஆயிரம் சொல்லைத் தாண்ட வேண்டாம். சண்டைக்காரியையும் ஒன்று எழுதச் சொல்; ஆசிரியரிடம் பேசி இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் போட வை. இதழ் வந்ததும் எனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பு, கைப்பேசியில் படித்தால் கண் வலிக்கிறது.

அன்புடன்,
அத்தை