டிக்கெட்டை முதல் வாரமே வாங்குங்கள்

சென்னைக்கு ஒரு ஜாஸ் கலைஞர் வருகிறார், பியானோ வாசித்தபடியே பாடுபவர் என்று அறிவிப்பு வந்தால், இசையில் ஆர்வமுள்ளவர்கள் மகிழ்ச்சியோடுதான் அதை வரவேற்கிறார்கள். “நல்ல முயற்சி, நடக்கட்டும்” என்கிறார்கள். “பாஸ் ஏதாவது கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். “அன்றைக்கு வேறு வேலை இல்லையென்றால் வருகிறேன்” என்கிறார்கள். இத்தகைய கச்சேரிகளை நடத்துபவர்களோடு பழகியும், அரங்கில் ரசிகராக உட்கார்ந்தும் நான் கற்ற பாடம் ஒன்றுதான். வெளியூர்க் கலைஞரின் கச்சேரி எவ்வளவு நன்றாக அமையும், அவருக்குப் பிறகு இன்னொருவர் வருவாரா என்பவை மேடையில் விளக்கு எரிவதற்கு வெகு முன்பே, உள்ளூர் ரசிகர்கள் டிக்கெட் வாங்கும் வேகத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே நம் ஆதரவு கச்சேரி நாளன்று காட்டும் ஆதரவாக மட்டும் இருந்தால் போதாது. அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். இதற்கான காரணங்களையும், எழக்கூடிய மறுப்புகளுக்கு என் பதிலையும் இங்கே சொல்கிறேன்.

இந்த இசைக்குச் சென்னை புதிய ஊர் இல்லை. 1958-ல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தம் நால்வர் குழுவோடு இந்தியாவைச் சுற்றியபோது மதராஸிலும் வாசித்தார். அந்தப் பயணத்தில் அவருடைய டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவும் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். 1963-ல் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டன் தம் பெரிய குழுவோடு வந்தார். மதராஸ், கொழும்பு இரண்டுமே அவருடைய பயணத்தில் இடம்பெற்றன. இவ்விரு பயணங்களுக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாடு செய்து பணமும் கொடுத்தது. பனிப்போர்க் காலத்தில் ஜாஸ் இசைக் கலைஞர்களைத் தன் நல்லெண்ணத் தூதர்களாக அது உலகெங்கும் அனுப்பிவந்தது. எலிங்டனையே நம் ஊரில் கேட்க முடிந்ததற்கு நம் ரசிகர்களின் கைப்பணம் முதன்மைக் காரணமாக இருக்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. தூதரகங்களும் அயல்நாட்டுப் பண்பாட்டு மையங்களும் இன்றும் உதவுகின்றன. ஆனால் அவர்களும் அடுத்த உதவிக்கு முன் சென்ற முறை எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். அன்று ஓர் அரசு சுமந்த பொறுப்பு இன்று ரசிகர்களின் கையில் இருக்கிறது.

அந்தப் பொறுப்பு நம்மால் சுமக்க முடிந்ததுதான். பியானோ வாசித்துப் பாடுபவர் தேவையானால் தனியொருவராகவே முழுக் கச்சேரியையும் நடத்திவிடுவார். பேஸும் டிரம்ஸும் வேண்டுமென்றால் வாசிக்க உள்ளூரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஜாஸ் உலகில் இது பழைய வழக்கம். மும்பைக்கோ பெங்களூருக்கோ வருகிற ஒருவரை ஒரு நாள் சென்னைக்கும் அழைப்பது, அவரைத் தனியாகக் கடல் கடந்து வரவழைப்பதைவிட மிகக் குறைந்த செலவில் முடியும். இருந்தாலும் அரங்க வாடகை, தங்கும் இடம், ஒலி அமைப்பு, கலைஞரின் சம்பளம் எல்லாமே முதல் டிக்கெட் விற்பதற்கு முன்பே உறுதியாகிவிடும் செலவுகள். விற்பனை மந்தமாக இருந்தால் குறைக்கக்கூடிய பெரிய செலவுகளில் ஒன்று பியானோதான். 200-க்கும் மேற்பட்ட கம்பிகள் கொண்ட அந்தக் கருவியை வாடகைக்கு எடுத்து, லாரியில் ஏற்றி இறக்கி, சுருதி சேர்க்க வேண்டும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் மரம் உப்பிச் சுருதி விலகும் என்பதால், அரங்கின் குளிர்ச்சிக்கு அது பழகிய பிறகு கச்சேரி நாளன்றே மறுபடி சரிபார்க்க வேண்டும். பணம் வருமா என்று தெரியாத அமைப்பாளர் மின்னணுக் கீபோர்டோடு நிறுத்திக்கொள்வார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் விரலின் எடைக்கு ஏற்பப் பேசும் கருவியை நம்பிப் பாடுகிற கலைஞருக்கு அதனால் பாதி மொழி போய்விடுகிறது. முதல் வாரத்தில் டிக்கெட் வாங்குபவர் நல்ல பியானோவுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்.

“ஜாஸ் எனக்குப் புரியாது” என்பதே நான் அதிகம் கேட்கும் மறுப்பு. கர்நாடகக் கச்சேரிகளில் நிரவலும் கற்பனை ஸ்வரமும் கேட்டுப் பழகிய ஊரில் இந்தத் தயக்கம் தேவையில்லை. தெரிந்த ஒரு பாடலை எடுத்து, அதன் கட்டுக்கோப்புக்குள் அந்த நேரத்தில் தோன்றுவதைப் பாடுவதும் வாசிப்பதும்தான் ஜாஸின் உயிர். அமெரிக்காவின் பல பழைய பாடல்கள் 32 தாள அளவுகளில், எட்டெட்டாக நான்கு பகுதிகளாக அமைந்தவை. முதல், இரண்டாம், நான்காம் பகுதிகளின் மெட்டு ஏறக்குறைய ஒன்றே; மூன்றாவது வேறு பக்கம் திரும்பும். மெட்டை ஒருமுறை பாடி முடித்ததும் அதே கட்டத்தின் மேல் கற்பனை வாசிப்பு தொடங்கும். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். ஆவர்த்தனத்தை எண்ணிப் பழகிய கை இதையும் எளிதாக எண்ணிவிடும். பாடுபவரே வாசிக்கும்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மூச்சுக்கும் விரலுக்கும் உள்ள பேச்சு. குரல் நிறுத்தும் இடத்தில் வலக்கை பதில் சொல்லும். இடக்கை சுருதிக் கூட்டங்களால் பாட்டின் மனநிலையை மாற்றும். தனியாக ஒரு பியானோ கலைஞருக்குச் சைகை காட்ட வேண்டியதில்லை என்பதால் காலத்தை விருப்பம்போல் இழுக்கலாம். வாஷிங்டனைச் சேர்ந்த ஷெர்லி ஹார்ன், பலரும் துணியாத விளம்ப காலத்தில் பாடியதற்கு இந்தச் சுதந்திரமும் ஒரு காரணம். கச்சேரிக்கு முந்தின வாரம், பியானோ வாசித்துப் பாடிய நாட் கிங் கோல், நினா சிமோன், ஷெர்லி ஹார்ன் ஆகிய மூவரிடமிருந்தும் ஆளுக்கு ஓரிரு பாடல்கள் கேட்டுவிட்டு வாருங்கள். தயாரிப்பு அவ்வளவு போதும்.

“அதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே, அரங்குக்கு ஏன்?” என்பது அடுத்த மறுப்பு. இதற்கு 1956 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் நடந்தது நல்ல பதில். எலிங்டன் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது ஸாக்ஸபோன் கலைஞர் பால் கொன்ஸால்வஸ் ஒரே பாட்டுக் கட்டத்தை விடாமல் 27 சுற்றுகள் வாசித்தார். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்க, அரங்கமே கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பு மேடையை இன்னும் மேலே தள்ளியது. சரிந்திருந்த எலிங்டனின் புகழ் அந்த இரவுக்குப் பிறகு நிமிர்ந்தது. முன்னால் இருக்கும் முகங்களைப் பார்த்து அந்தக் கணத்தில் முடிவெடுக்கும் இசைக்கு ரசிகரும் மூலப்பொருள்தான். காலியான முதல் மூன்று வரிசைகளைப் பார்த்துப் பாடுபவர் துணிச்சலான வழியை எடுப்பது கடினம். ஆகவே முன்னால் உட்காருங்கள். ஒவ்வொருவரின் தனி வாசிப்பு முடிந்ததும் பாட்டுக்கு நடுவிலேயே கைதட்டுவது ஜாஸில் மரபு, தயங்காமல் தட்டுங்கள். மெதுவான பாட்டில் மட்டும் கடைசி ஒலி அடங்கும்வரை பொறுங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள்; சினிமாப் பாட்டு கேட்டுக் குரல் கொடுக்காதீர்கள்.

மிகக் கனமான மறுப்பு, “நம் ஊர்க் கலைஞர்களே மேடையில்லாமல் இருக்கும்போது வெளியூர்க்காரருக்கு ஏன்?” என்பது. அதன் பின்னால் உள்ள அக்கறை நியாயமானது. ஆனால் இரண்டு ஆதரவும் ஒரே பானையிலிருந்து அள்ளப்படுவதில்லை. மாதவ் சாரி போன்ற ஒரு தேர்ந்த ஜாஸ் பியானோ கலைஞர் சென்னையில் வாழ்ந்து 2015-ல் மறைந்தார். அத்தகையவர்களுக்கு வேண்டியது இந்த இசையைக் கேட்கத் தெரிந்த ஒரு கூட்டம். வருகைக் கலைஞரின் கச்சேரி அந்தக் கூட்டத்தைச் சேர்க்கிறது. கூட வாசிக்கும் உள்ளூர்க் கலைஞருக்குப் பயிற்சியும் சம்பளமும் தருகிறது. மறுநாள் ஒரு பயிலரங்கம் வைத்தால் மாணவர்களுக்கும் பயன். உள்ளூர் ரசிகரின் பலத்துக்கு ஷெர்லி ஹார்னே சாட்சி. மகளை வளர்ப்பதற்காக ஊரைவிட்டு அதிகம் வெளியேறாமல் இருந்த ஆண்டுகளில், வாஷிங்டன் வட்டாரத்துச் சிறு மேடைகளில் அவர் பாடிவந்தார். 1980களின் பிற்பகுதியில் பெரிய ஒலிப்பதிவு நிறுவனம் தேடி வந்தபோது அவருடைய கலை தேயாமல் இருந்தது. அந்த மேடைகளுக்கு வந்து உட்கார்ந்த பெயர் தெரியாத மனிதர்களுக்கும் அதில் பங்குண்டு.

விலை அதிகம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் குறைந்த விலையில் கொஞ்சம் இருக்கைகள் ஒதுக்கும்படி அமைப்பாளரிடம் நாம் கேட்க வேண்டும். அதற்கு அவர் இணங்க வேண்டுமானால், வாங்கும் வசதி உள்ளவர்கள் பாஸ் கேட்பதை நிறுத்த வேண்டும். அடுத்த முறை இப்படியொரு அறிவிப்பைப் பார்க்கும்போது, அந்த வாரமே இரண்டு டிக்கெட் வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றொன்று ஜாஸ் கேட்டே இராத ஒருவருக்கு. கச்சேரி முடிந்ததும் கலைஞரின் இசைத்தட்டு விற்பனைக்கு இருந்தால் ஒன்று வாங்குங்கள். அமைப்பாளரைத் தேடிப்போய், இன்னொருவரையும் அழையுங்கள், நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.