31-இல் பட்டை, 17-இல் வெறுமை

சுண்டெலி மேக்ரோஃபேஜ்களுக்கு எல்.பி.எஸ். கொடுத்து, முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடியால் இன்டர்லியூகின்-1 பீட்டாவைத் தேடினேன். வெஸ்டர்ன் பிளாட்டில் 31 கிலோடால்டன் பட்டை மட்டுமே வந்தது, 17 இல்லை. ஆன்டிபாடி பழுதா?
– ஆய்வு மாணவி

இல்லை, அது ஒழுங்காகவே வேலை செய்திருக்கிறது. 31 என்பது முன்வடிவம். எல்.பி.எஸ். மட்டும் கிடைத்தால் செல் அதைத் தயாரித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். அடுத்து ஏடிபியோ நைஜெரிசினோ சேர்த்தால்தான் காஸ்பேஸ்-1 விழித்து அதை வெட்டும். முதிர்ந்த 17 கிலோடால்டன் துண்டு வெளியேறிவிடும். எனவே செல் சாற்றோடு நிற்காமல், செல் வளர்ந்த திரவத்திலும் தேடுங்கள். ஏடிபி சேர்க்குமுன் சீரமில்லாத ஊடகத்துக்கு மாற்றிவிடுங்கள். சீரத்திலுள்ள ஆல்புமின் தடத்தையே குலைத்துவிடும்.

முதிர்ந்த பகுதிக்கு எதிராக உருவாக்கிய பாலிகுளோனல் இரு வடிவங்களையும் பிடிக்கும். அதுவே அதன் பலம்.

சம்பந்தமில்லாத பட்டைகளும் வரலாம். இன்டர்லியூகின்-1 பீட்டா மரபணு நீக்கிய எலியின் செல்லை ஒரு தடத்தில் ஓட்டினால் எது பொய்யென்று தெரிந்துவிடும். ஆன்டிபாடியின் புதிய தொகுதி வாங்கும்போது நீர்த்தல் அளவை மறுபடி சோதியுங்கள்.