சிமெண்ட் ஷீட் தூசியைச் சாதாரணமா நினைக்காதீங்க



இந்த மாதப் பாடம் நம் தலைக்கு மேலேயே இருக்கும் ஒரு பொருளைப் பற்றியது. வருஷா வருஷம் ஓலை மாற்றி மாளவில்லை என்று குழுக்கடன் வாங்கிச் சிமெண்ட் ஷீட் போட்டவர்கள் நம்மில் பலர். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்பதும் இதுதான். ஆஸ்பெஸ்டாஸ் பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் கனிமம். தமிழில் கல்நார். கல்தான், ஆனால் நாராகப் பிரியும், தீப்பிடிக்காது. ஷீட்டுக்கு வலு கிடைக்க இதைச் சிமெண்டோடு கலக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய்க் கூரையைப் பிரிக்க வேண்டாம். உடையாமல் கிடக்கும் ஷீட்டால் ஆபத்து குறைவு. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைந்ததைக் கூட்டி அள்ளும்போதும்தான் தூசி கிளம்பும். அதில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தைத்து நின்றுவிடும். நாளாக ஆக நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும். இதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வரலாம். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

"எத்தனையோ ஷீட் தூக்கியிருக்கோம் அக்கா, ஒண்ணும் ஆகலையே" என்று சித்தாள் வேலைக்குப் போகும் சகோதரிகள் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும்.

இதை மருத்துவ உலகம் கவனிக்க வைத்ததே ஒரு பெண் தொழிலாளியின் சாவுதான். இங்கிலாந்தில் ராச்டேல் ஊரைச் சேர்ந்த நெல்லி கெர்ஷா 12 வயசில் மில் வேலைக்குப் போனவர். பிறகு கல்நாரை நூலாகத் திரிக்கும் வேலை. உடம்பு முடியாமல் வேலையை விட்டார்; கம்பெனி நஷ்டஈடு தரவில்லை. 1924-ல் 33 வயசில் இறந்தார். அவருடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் அந்த வருஷமே அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அந்த நாட்டில் கல்நாருக்கு முழுத்தடை வந்தது 1999-ல்தான். நம் நாட்டில் இன்னும் இறக்குமதி நடக்கிறது.

வேலைக்கே போகாதவருக்கும் வரும். 1965-ல் வெளியான லண்டன் ஆய்வில் மீசோதீலியோமா வந்த 76 பேரை விசாரித்தார்கள். 31 பேர் கல்நார் வேலை செய்தவர்கள். இன்னும் 9 பேர் அந்த வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், அவ்வளவுதான். வீட்டுக்காரரின் வேலைத் துணியைத் துவைத்த மனைவிமார்தான் இதில் அதிகம். நாமும்தானே துவைக்கிறோம்? வேலைத் துணியை உதறாதீர்கள். தனி வாளியில் தண்ணீரில் முக்கிவிட்டு, தனியாகத் துவையுங்கள்.

வேலை இடத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்தினால் போதாது. தண்ணீர்தான் முதல் பாதுகாப்பு. ஷீட்டை நனைத்துவிட்டுத் தொடுங்கள், நனைத்துவிட்டுக் கூட்டுங்கள். மெஷின் வைத்து அறுக்கும் இடத்தில் நிற்காதீர்கள். மேஸ்திரி திட்டுவார் என்றால் தனியாளாகச் சொல்லாமல் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள். கஜா மாதிரி புயல் அடித்து ஓய்ந்த பிறகு ஊரெல்லாம் உடைந்த ஷீட் கிடக்கும். அதை இடித்துப் பாதைக்குப் போடுவதும், பிள்ளைகள் விளையாட விடுவதும் கூடாது. நனைத்துச் சாக்கில் கட்டி, ஊராட்சியில் சொல்லி ஆழமாகப் புதைக்கச் செய்யுங்கள்.

1995-ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. அது ஆலைக்கு. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர் என்று போகும் சித்தாளுக்கு யார் பதிவேடு எழுதுவது? நாமே எழுதலாம். யார், எந்த வருஷம், எங்கே, எத்தனை நாள் ஷீட் வேலை செய்தார் என்று அடுத்த கூட்டத்தில் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வறட்டு இருமலும் மேல்மூச்சும் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், டிபி சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், இந்த விவரத்தை டாக்டரிடம் காட்டுங்கள். அவர் கேட்க மாட்டார், நாம்தான் சொல்லணும்.