எரிவாயுக் குழாய் வேலைக்குப் போகிறீர்களா? திரவத்தைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

யாழ்ப்பாணத்தில் எரிவாயு என்றால் சிலிண்டர்தான். 1976 இல் நெடுந்தீவுக் கடலில் துளையிட்டுப் பார்த்தார்கள். 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் கெயர்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டது. உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் கட்டார், ஓமான் என்று விண்ணப்பிக்கும் நம் இளைஞர்களுக்கு எரிவாயுக் குழாய்ப் பராமரிப்பு நல்ல தொழில். அதில் நிலைக்க ஒரு விடயத்தை ஆழமாக அறிந்திருக்க வேண்டும்: குழாய்க்குள் சேரும் திரவம்.

ஏன் சேர்கிறது?

கிணற்றிலிருந்து மெதேனோடு கனமான ஐதரோகாபன்களும் நீராவியும் வருகின்றன. வெப்பநிலையும் அமுக்கமும் இறங்கும்போது அவை திரவமாகப் பிரியும். வால்வு ஒன்றில் அமுக்கம் ஒரு பார் குறைந்தாலே வாயு ஏறக்குறைய அரைப் பாகை செல்சியஸ் குளிர்ந்துவிடும். இப்படிப் பிரியும் எண்ணெய்தான் கண்டன்சேட். பிரித்தெடுத்தால் அது நல்ல விலைபோகும் பொருள். குழாயில் விட்டால் தாழ்ந்த இடங்களில் தேங்கி வழியைக் குறுக்கும். திரண்டு வந்து கம்பிரசரை உடைக்கும். கூடச் சேரும் தண்ணீரில் காபனீரொட்சைட்டு கரைந்தால் குழாயின் அடிப்புறம் உள்ளிருந்தே அரிக்கப்படும்.

2014 யூன் 27 அதிகாலை ஆந்திராவின் ‘நகரம்’ என்ற கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கென அமைத்த குழாயில் தண்ணீரும் கண்டன்சேட்டும் கலந்த வாயு ஓடியது விசாரணையில் தெரியவந்தது. அருகே குடியிருந்த ஊர்மக்கள்தான் பலியானார்கள். இந்த வேலையின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதை இதிலிருந்து உணருங்கள்.

எங்கே படிக்கலாம்?

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு இருந்தால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இரசாயன, செயன்முறைப் பொறியியல் நேரடியான வழி. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. பட்டம் இல்லாதவர்கள் என்.வி.கியூ. தகைமையோடு வெல்டிங், அளவீட்டுக் கருவிகள், குழாய்த் தடிப்பை அளக்கும் மீயொலிச் சோதனை ஆகியவற்றில் ஒன்றில் தேர்ச்சி பெறுங்கள். வேலைவாய்ப்பு முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

முதல் மாதத்தில் பழக வேண்டியவை

1. குழாய்ப் பாதையின் மேடுபள்ள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆறு கடக்கும் இடம், பள்ளம், ஏற்றம் தொடங்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

2. வாயுவின் அளவு மாறாமல் இரு முனைகளின் அமுக்க வித்தியாசம் மட்டும் ஏறிக்கொண்டே போனால், உள்ளே திரவம் சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். நேர்முகத் தேர்விலும் இதைக் கேட்பார்கள்.

3. குழாயைத் துடைக்கும் ‘பிக்’கை அனுப்புமுன், அது தள்ளிவரும் திரவத்தை ஏற்க மறுமுனையில் அதைப் பிடித்துவைக்கும் கலமான ஸ்லக் கேட்சரில் இடம் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

4. பிக்கை ஏற்றி இறக்கும் அறையைத் திறக்குமுன் உள்ளே அமுக்கம் இல்லை என்பதை இரண்டு வழிகளில் சரிபாருங்கள். வெளிவரும் கரிய தூளில் இரும்புச் சல்பைட்டு இருந்தால் காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பற்றும். அதை நனைத்தே வைத்திருங்கள்.

5. தண்ணீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்து அடைத்தால், ஒரு பக்கத்து அமுக்கத்தை மட்டும் ஒருபோதும் இறக்காதீர்கள். கட்டி பாய்ந்து குழாயையே உடைக்கும்.

பதிவேடுதான் உங்கள் பலம்

ஒவ்வொரு வடிகால் வால்விலும் எவ்வளவு திரவம் வந்தது, அதில் தண்ணீர் எவ்வளவு என்று நாள்தோறும் எழுதுங்கள். அளவு கூடினால் மேற்பார்வையாளருக்கு அன்றே எழுத்தில் அறிவியுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் அறிவியுங்கள். புதியவர் என்று தயங்க வேண்டாம். குழாய் செல்லும் ஊரில் உறங்கும் மக்களுக்கு அது வழியாக என்ன ஓடுகிறதென்று தெரியாது, உங்களுக்குத் தெரியும்.