ஒன்பதாம் மாடிச் சுடுதண்ணீர்

துணுக்காயில் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்த எனக்கு, சுடுதண்ணீர்க் குளிப்பு என்பது காய்ச்சற்காரருக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் மாத்திரமே உரிய வைத்தியமாக இருந்தபடியால், ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் பராமரிப்பாளனாக அமர்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒரே பொயிலர் அறையிலிருந்து சுடுதண்ணீர் ஏறும் விசித்திரத்தைக் கண்டபோது பிரமித்துத்தான் போனேன்.

முதற் பனிக்காலத்திலேயே கிழக்குப் பக்கத்து மேல்மாடிக்காரர், "தம்பி, பத்து நிமிஷம் திறந்து விட்டாலும் பச்சைத்தண்ணிதான் வருகுது" என்று முறையிட, நானும் மூடத்தனமாகக் கலப்பு வால்வைத் திருகி உஷ்ணத்தைக் கூட்டினேன். பொயிலர் அறைக்குக் கிட்டிய வீடுகளில் கை சுட்டது, எரிவாயுச் செலவு ஏறிற்று, கிழக்குப் பக்கமோ குளிர்ந்தபடியே கிடந்தது. வவுனிக்குளத்து வாய்க்காலில் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாவிட்டால், துருசை மேலும் திறப்பதல்ல, முன்வயல்களின் மடைகளை அளவாக ஒடுக்குவதே உபாயம் என்று எங்கள் கமக்காரர் எல்லோரும் அறிந்த விஷயம், கடல் கடந்ததும் எனக்கு மறந்துபோயிற்று!

சுடுதண்ணீர் மேலே போவதோடு காரியம் முடிவதில்லை. பாவனையாகாத நீர் ஆறிவிடாதபடி, ஒரு சிறு பம்பி அதைத் திரும்புகுழாய் வழியே பொயிலருக்கு இடையறாது மீட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது இலகுவான கிட்டிய வழியையே நாடுமாதலால், ஒவ்வொரு திரும்புகுழாயிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்து, அண்மையிலுள்ள வால்வுகளைச் சிறிது சிறிதாக ஒடுக்கினேன். நிலவறையில் வெறுமையாகக் கிடந்த குழாய்களுக்கு உறையும் போர்த்தினோம்.

இராக்காலத்தில் பம்பியை நிறுத்தினால் மிச்சம் பிடிக்கலாம் என்று நிர்வாகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். 1976இல் பிலடெல்பியா ஹோட்டலொன்றில் தங்கியோரைப் பலிகொண்ட லெஜியனெல்லா என்னும் கிருமி வெதுவெதுப்பான தேங்குநீரில்தான் பெருகுமென்பதால், நான் இணங்கவில்லை. தாங்கியில் 60 பாகை. குழாய்வாயிலில், ஒன்ராறியோக் கட்டட விதிப்படி, 49 பாகைக்கு மேற்படாமல்: இதுவே என் கணக்கு.

எஞ்சியது ஒன்பதாம் மாடி மட்டுமே. தேடிப் போனால், ஒரு வீட்டு மலசலகூடத்தில் கைக்குழாயை நுனியில் மாத்திரம் மூடிவிட்டு, சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் ஆகிய இரு திருகுகளையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். அழுத்தம் மிகுந்த குளிர்நீர் அதனூடாகச் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து அயல்வீடுகளுக்கும் பரவியிருக்கிறது. காரணத்தை விளக்கியதும் அவ்வீட்டு ஆச்சி வாயில் கைவைத்தார்:

"அப்ப மோனை, இவ்வளவு நாளும் எல்லாரையும் நடுங்க வைச்சது நான்தானோ?"