புண் அடியிலிருந்துதான் ஆறும்

களுவாஞ்சிக்குடி

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நேற்றுப் போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. "இவ்வளவு செபித்தும் பிரஷர் இறங்கேல்ல. அந்தாளை மன்னிக்காததுக்கு ஆண்டவர் தாற தண்டனையா பெரியம்மா?" என்றாய்.

தண்டனை இல்லை மகள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டார்கள். இவனுமில்லை, பெற்றவர்களுமில்லை என்றார் இயேசு. யோவான் 9ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை, தாங்கும் பலம்தான் கிடைத்தது. ஆகவே குளிசையை ஒரு நேரமும் விடாதே. கிளினிக் நாளையும் தவறவிடாதே. நோயில் பூசுதல் கொடுக்க வார்ட்டுக்கு வரும் ஃபாதர்மாரே, போகும்போது "டொக்டர் சொல்றதைக் கேளுங்க" என்றுதான் சொல்லிப் போவார்கள்.

ஆனால் உன் கேள்வியில் ஒரு உண்மையும் இருக்கிறது. கப்பர்நாகூமில் நான்கு பேர் கூரையைப் பிரித்து ஒரு முடக்குவாதக்காரனை இறக்கினார்கள். எல்லாரும் அவன் கால்களையே பார்த்திருக்க, இயேசு முதலில் பாவமன்னிப்பைச் சொன்னார். எழுந்து நட என்றது அதற்குப் பிறகு. உள்ளே கிடப்பதும் வருத்தம்தான் என்று அவருக்குத் தெரியும்.

முப்பது வருடம் மருந்து கட்டியவள் நான். சீனி வருத்தக்காரரின் கால்புண் சிலவேளை மேல்தோல் மூடி, பார்வைக்கு நன்றாக இருக்கும். விரலால் அமத்தினால் சுடும், உள்ளே சீழ். அதைத் திறந்து, கழுவி, துணி வைத்து, திறந்தபடியே விடுவோம். அடியிலிருந்து சிவப்புச் சதை வளர்ந்து வரவேணும். "மிஸ்ஸி, தைச்சு விடுங்களேன்" என்று கெஞ்சுவார்கள். தைத்தால் திரும்ப உடையும்.

"பழசை மறந்திரு" என்று உனக்குச் சொல்பவர்கள் தைக்கச் சொல்கிறார்கள். அம்மாவின் வைத்தியத்துக்கு வைத்திருந்த காப்பை உன் தம்பி அடகு வைத்து, ஏலத்தில் போகவிட்டது சின்ன விஷயமில்லை. பிழையைப் பிழையென்று சொல்லித்தான் மன்னிக்க வேணும். பிழையே இல்லையென்றால் மன்னிக்க என்ன இருக்கிறது?

நீ இருக்கும் மட்டக்களப்பிலேயே பார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் செத்தார்கள். போதகர் ரொஷான் மகேசன், நோகிறது, கோபமும் இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லிவிட்டே, வெடித்தவனையும் அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம் என்றார். கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் அடுத்த உயிர்ப்பு ஞாயிறில் மன்னித்ததாகச் சொன்னார். நீதி கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது.

அதனால் காப்புக் காசைத் தம்பியிடம் கேள். அது பாவமில்லை. அவன் நாசமாய்ப் போகவேணும் என்று படுக்கையில் உருளுகிறாயே, அதைத்தான் விடவேணும். ஒரே நாளில் விடுபடாது. மருந்து கட்டுவதுபோல, ஒவ்வொரு நாளும் திறந்து கழுவவேணும். முடிந்தால் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போ. அங்கே தம்பியின் பிழையைச் சொல்லாதே, உன் கசப்பை மட்டும் சொல்.

போன கிழமை அவன் மண்டூரிலிருந்து பாதைப் படகில் ஆறு கடந்து வந்தான். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தான். "அக்காக்குப் பிரஷராம், உண்மையா?" என்று மட்டும் கேட்டான். காப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது நீங்கள் இருவரும் பேசவேண்டியது.

மூன்று வருடமாக உன் வாயில் அவன் "அந்தாள்"தான். இன்றிரவு குளிசை போட்டுவிட்டுச் செபிக்கும்போது, ஒரே ஒரு தரம் "தம்பி" என்று சொல்லிப் பார். நெஞ்சு நோகும். நோகட்டும், புண்ணைக் கழுவும்போது நோகத்தான் செய்யும்.

அன்புடன்,
பெரியம்மா