கிளட்ச் சாமான்: பிளாஸ்டிக் வாங்கலாமா, உலோகம்தான் வேண்டுமா?

பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி வந்து பஃபலோ ரோட்டில் இறக்கும் வேன்களுக்குக் கிளட்ச் சீக்கிரம் தேயும். சிராங்கூன் சாலை நெரிசலில் அரைக் கிளட்ச்சிலேயே ஊர்ந்தால் பிளேட் சூடேறிக் கருகும். சிங்கப்பூரில் சரக்கு வேனுக்கு 20 ஆண்டு வரை ஆயுள் உண்டு. அதற்குள் கிளட்ச் மாற்றும் செலவு எப்படியும் வந்து சேரும்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். வேகம் ஏறாமல் எஞ்சின் மட்டும் உறுமினால் பிளேட் தேய்ந்திருக்கிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் ரிலீஸ் பேரிங். பெடல் தானாக உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையோ கீழே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரையோ சந்தேகப்படுங்கள். இதைப் பார்க்காமல் முழு செட்டையும் வாங்குவது வீண்.

கடைக்குப் போகும்போது சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கையில் இருக்கட்டும். ஒரே மாடலிலும் பிளேட்டின் விட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம். பழைய பிளேட்டைக் கொண்டுபோய் விட்டத்தை அளந்து, நடுத்துளையின் பற்களை எண்ணி ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது.

இனி பிளாஸ்டிக் விஷயம். உலோகம் என்றாலே உழைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மாஸ்டர் சிலிண்டரில் அந்தக் கணக்கு தப்பும். அதில் ஓடும் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் உலோகச் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழி போடும், அந்தக் குழி ரப்பர் சீலைக் கிழிக்கும். பிளாஸ்டிக்கை ஈரம் அப்படி அரிக்காது. ஆகவே கம்பெனியே பிளாஸ்டிக் பொருத்திய இடத்தில் நல்ல பிளாஸ்டிக்கை வாங்கத் தயங்க வேண்டாம்.

நல்லதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். உடம்பில் பிஏ66-ஜிஎஃப்30 போன்ற குறி அச்சாகியிருந்தால் அது 30 விழுக்காடு கண்ணாடி இழை சேர்த்த நைலான். அச்சு ஒட்டிய கோட்டை நகத்தால் தடவுங்கள். பிசிறு தட்டினால் திருப்பிக் கொடுங்கள். குழாய் மாட்டும் கிளிப் காதும் தள்ளுகோல் உட்காரும் குழியும்தான் முதலில் உடையும். அங்கே சின்ன வெடிப்பும் இருக்கக் கூடாது.

ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க், அது சாய்ந்து ஆடும் குமிழ், பேரிங் சறுக்கும் குழாய் ஆகியவை உராய்வும் சூடும் தாங்க வேண்டியவை. அங்கே கம்பெனி உலோகம் வைத்திருந்தால் மலிவான பிளாஸ்டிக் மாற்று எனக்குச் சம்மதமில்லை.

ஐரோப்பிய வேன்கள் பலவற்றில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அதைத் தொட கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சாமான் விலையைவிடக் கூலி அதிகம். ஆகவே பிளேட் மாற்றும்போதே அதையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இந்த இடத்தில் மலிவு பார்க்காதீர்கள். பொருத்துமுன் அந்த ஸ்லேவ் சிலிண்டரைக் கையால் அமுக்கிப் பார்க்கவும் கூடாது, சீல் கெட்டுவிடும். ஜப்பானிய வேன்களில் பெரும்பாலும் அது வெளியே இருப்பதால் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆயில் தொட்டியின் மூடியில் போட்டிருக்கும் வகை பிரேக் ஆயிலையே புதிய டப்பாவிலிருந்து ஊற்றி, குழாயில் காற்று போகும்வரை வெளியேற்றச் சொல்லுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் குறைத்து ஓட்டுங்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் எழுதி வாங்காமல் பட்டறையை விட்டுக் கிளம்பாதீர்கள்.